கிளோஸ்ட்ரோபோபியா: சொல்லின் பொருளும், வைத்தியரிடமும் எழுத்திலும் அதைப் பயன்படுத்தும் முறையும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாழும் நம்மவருக்குக் கிளோஸ்ட்ரோபோபியா என்ற ஆங்கிலச் சொல் தேவைப்படும் சந்தர்ப்பம் பெரும்பாலும் வைத்தியசாலையிலேயே ஏற்படுகிறது. காந்தத்தின் உதவியால் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன்னர் கேட்கப்படும் கேள்விகளில், இதயத்தில் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா, உடலுக்குள் உலோகத் துண்டு ஏதும் உண்டா என்பவற்றோடு இந்தச் சொல்லும் ஒரு கேள்வியாக வருவதுண்டு. பொருள் விளங்காத ஒருவர் அதற்கு "இல்லை" என்று அடையாளமிட்டுவிட்டு, ஸ்கேன் மேசையில் படுத்து, தலை குழாய்க்குள் போகும் நேரத்தில்தான் தனக்கு அது உண்டு என்பதை அறிகிறார் என்றால், அன்றைய பரிசோதனை பெரும்பாலும் நடைபெறாது. அடுத்த தவணைக்கு மீண்டும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே இச்சொல்லின் பொருளை முதலில் சரியாகப் பிடித்துக்கொண்டு, பின்னர் அதை எங்கே, எப்படிச் சொல்வது என்று பார்ப்பது பயன் தரும்.

அகராதிகள் இதனை "மூடிய இடங்களைப் பற்றிய அச்சம்" என்று சுருக்கமாகச் சொல்கின்றன. அது பிழையன்று, ஆனால் போதாது. மூடிய இடம் என்றவுடன் சிறிய அறை என்று மட்டும் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இந்த அச்சம் இடத்தின் அளவைப் பற்றியதன்று. நினைத்த நேரத்தில் வெளியேற முடியாது என்பதையும், உள்ளே மூச்சு விடக் காற்றுப் போதாது என்பதையும் பற்றியது. உளவியலாளர்களான ரக்மன், டெய்லர் ஆகிய இருவரும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இவ்வச்சத்துக்குள் இரண்டு கூறுகள் இருப்பதை எடுத்துக் காட்டினர். ஒன்று மூச்சுத் திணறிவிடும் என்ற அச்சம். மற்றது அசைய முடியாமல் கட்டுப்பட்டுவிடுவோம் என்ற அச்சம். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தும் இருக்கலாம், ஒன்று மட்டும் மேலோங்கியும் நிற்கலாம்.

இந்தப் பிரிவை அறிந்துகொண்டால் நமது ஊர் அனுபவங்கள் பல விளங்கும். கல்முனையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு இரவில் புறப்படும் குளிரூட்டப்பட்ட பஸ் வசதியானது, விசாலமானது; ஆனால் அதன் கண்ணாடிகள் திறக்கா. அதே தூரத்தைச் சாதாரண பஸ்ஸில், நெருக்கியடித்துக்கொண்டு, யன்னலைத் திறந்து வைத்தபடி போகிற ஒருவர் "அதில் போனால் எனக்கு ஒன்றும் செய்யாது" என்று சொன்னால், அவர் கஞ்சத்தனத்தால் அப்படிச் சொல்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. அவருக்கு வேண்டியது இடமன்று, திறக்கக்கூடிய யன்னல். அதுபோலவே குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளிப்பவர், நுளம்பு வலைக்குள் படுக்க மறுப்பவர், கழுத்து இறுகிய மேற்சட்டையை அணிய முடியாதவர், முழுமுகத் தலைக்கவசத்தை மாட்டியவுடன் கழற்றிவிடுபவர் ஆகியோரிடமும் இதே அச்சம் ஒளிந்திருக்கக் கூடும்.

இந்தச் சொல் இலத்தீனில் பூட்டு, அடைப்பு, அடைக்கப்பட்ட இடம் என்று பொருள்படும் கிளாஸ்ட்ரம் என்பதையும், கிரேக்கத்தில் அச்சத்தைக் குறிக்கும் போபோஸ் என்பதையும் இணைத்து உருவாக்கப்பட்டது. பிரெஞ்சு மனநல வைத்தியர் பெஞ்சமின் பால் 1879இல் இதைப் பயன்படுத்தினார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1871இல், ஜெர்மானியரான கார்ல் வெஸ்ட்பால், பொதுவாகத் "திறந்தவெளி அச்சம்" என்று மொழிபெயர்க்கப்படும் அகோராபோபியா என்ற சொல்லை உருவாக்கியிருந்தார். இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்று நினைப்பது பரவலான தவறு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். எழுத்துக்கூட்டலில் சீ, எல் ஆகியவற்றை அடுத்து ஏ, யூ என்ற இரண்டும் வர வேண்டும். ஒலியை மட்டும் நம்பி அங்கே ஓ எழுதுவோர் பலர். உச்சரிக்கும்போது அழுத்தம் "போ" என்ற அசையில் விழும். அந்த ஒலி பீ, எச் என்ற இரண்டு எழுத்துகளால் எழுதப்படும். கிளோஸ்ட்ரோபோபியா என்பது பெயர்ச்சொல்; அதற்கு முன் "ஏ" என்ற சுட்டு வராது, பன்மையும் பொதுவாக ஆக்கப்படுவதில்லை. கிளோஸ்ட்ரோபோபிக் என்பது பெயரடை. இங்கேதான் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் இப்பெயரடை ஆளுக்கும் வரும், இடத்துக்கும் வரும். ஆளுக்கு வரும்போது அவருக்கு அந்த அச்சம் உண்டு என்று பொருள். அறைக்கோ மின்தூக்கிக்கோ வரும்போது அந்த இடம் அவ்வுணர்வை ஊட்டுகிறது என்று பொருள். வாசிப்புப் பகுதியொன்றில் "கிளோஸ்ட்ரோபோபிக் ரூம்" என்று வந்தால், "அச்சங்கொண்ட அறை" என்று தமிழில் எழுதிவிடாமல், "மூச்சு முட்ட வைக்கும் அறை" என்று எழுதலாம்.

ஆங்கிலத்தில் இச்சொல் உருவகமாகவும் மிகுதியாக வழங்குகிறது. ஓர் அலுவலகத்தின் சூழலையோ ஒரு குடும்ப உறவையோகூட அவர்கள் இப்படி வருணிப்பார்கள். தமிழ்க் கட்டுரையில் அதைப் பின்பற்றுவது அவசியமற்றது என்பது என் கருத்து. காத்தான்குடியின் ஒடுங்கிய ஒழுங்கைகளைப் பற்றி எழுதுகிறவருக்கு "நெருக்கமான" என்ற சொல்லும், ஆட்கள் நிறைந்த சிறிய வகுப்பறையைப் பற்றி எழுதுகிறவருக்குப் "புழுக்கம்" என்ற சொல்லும் இருக்கின்றன. ஒரு நோய்நிலையின் பெயரைக் கொண்டு இவற்றை அழைத்தால், பின்னர் அந்த நோய்நிலை உள்ளவர் அதே சொல்லைச் சொல்லும்போது "எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும்" என்ற பதிலே அவருக்குக் கிடைக்கும்.

எது இந்த அச்சம், எது அன்று

பங்குனி, சித்திரை வெயிலில், மின்சாரம் இல்லாத நேரத்தில், தகரக் கூரை வீட்டின் உள்ளறையில் எவருக்கும் அந்தரமாகத்தான் இருக்கும். அது உடலின் இயல்பான எதிர்வினை. மருத்துவ நோக்கில் ஒன்றை அச்சநோய் என்று கொள்வதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன. அந்த அச்சம் உண்மையான ஆபத்துக்குப் பொருந்தாத அளவு மிகையாக இருக்க வேண்டும். அதே வகைச் சூழலில் ஏறத்தாழ எப்போதும் எழ வேண்டும். அதனால் அவர் அவ்விடங்களைத் தவிர்ப்பவராகவோ, தாங்கொணா வேதனையோடு சகிப்பவராகவோ இருக்க வேண்டும். வேலை, படிப்பு, போக்குவரத்து போன்றவை அதனால் பாதிக்கப்பட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாடு, இந்நிலை பொதுவாக 6 மாதங்களோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும் என்கிறது. அந்த வகைப்பாட்டில் கிளோஸ்ட்ரோபோபியா தனி நோயாக இல்லாமல், குறித்த பொருள் அல்லது சூழல் பற்றிய அச்சநோய் என்ற பெரிய தலைப்பின் கீழ், விமானம், மின்தூக்கி ஆகியவற்றோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. உங்கள் கிளினிக் கொப்பியில் வைத்தியர் இச்சொல்லை எழுதாமல் "ஸ்பெசிபிக் போபியா" என்றோ, எப் 40.2 என்ற குறியீட்டையோ எழுதியிருந்தால், அவர் உங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

அகோராபோபியா என்பதை "திறந்தவெளி அச்சம்" என்று மட்டும் மொழிபெயர்ப்பதால்தான் அது இதற்கு எதிர்ச்சொல் போலத் தோன்றுகிறது. மேற்படி வகைப்பாட்டின்படி அதற்குள் ஐந்து சூழல்கள் அடங்கும்: பொதுப் போக்குவரத்து, திறந்தவெளி, மூடிய இடம், வரிசையிலோ சனக்கூட்டத்திலோ நிற்பது, வீட்டுக்கு வெளியே தனித்திருப்பது. இவற்றில் இரண்டுக்கேனும் அஞ்சுவோரையே அது குறிக்கும். ஆக மூடிய இடம் இரண்டிலும் வருகிறது. ஒருவர் மின்தூக்கிக்கு மட்டும் அஞ்சுகிறார் என்றால் ஒரு வகை. அவரே சனம் கூடும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போகவும் தயங்கி, கச்சேரி (மாவட்டச் செயலகம்) வரிசையில் நிற்கவும் தயங்கி, சந்தைக்குத் தனியே போகவும் தயங்கினால், அது வேறு வகையாக இருக்கலாம். மூடிய இடம் எதுவும் இல்லாதபோதே, வீட்டு விறாந்தையில் அமர்ந்திருக்கையில் திடீரென நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது என்றால், அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். சிகிச்சை இவற்றுக்கேற்ப மாறும்.

உடல் காரணங்களை முதலில் விலக்கிக்கொள்வதும் முக்கியம். கருவறைக்கு அருகில் கற்பூரப் புகையும் சாம்பிராணிப் புகையும் சூழ நிற்கும்போது மூச்சு இரைக்கிறது என்றால், அது ஆஸ்துமாவாக இருக்கக் கூடும். நெஞ்சு வலி தோள்பட்டைக்கோ தாடைக்கோ பரவினால் எந்தச் சொல்லையும் தேடிக்கொண்டிராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

எமது மாவட்டங்களுக்குரிய ஒரு விடயம் இங்கே விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. போர்க்காலத்தில் பங்கருக்குள் மணிக்கணக்காகப் பதுங்கியிருந்தவர்கள், தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்கள், 1978 நவம்பர் 23 சூறாவளியில் இடிந்த சுவருக்குள் அகப்பட்டவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டுக்குள் நீர் நிறைய மூச்சுக்குத் தவித்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். இவர்களில் ஒருவர் மூடிய அறையைத் தவிர்க்கிறார் என்றால், அவர் அஞ்சுவது அந்த அறைக்கா, அந்த அறை எழுப்பும் நினைவுக்கா என்று கேட்க வேண்டும். கனவில் அது திரும்பத் திரும்ப வருவது, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, அந்தச் சம்பவத்தைப் பற்றிய பேச்சையே விலக்குவது ஆகியவையும் கூட இருந்தால், அது நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவாக இருக்க இடமுண்டு. அப்படிப்பட்டவருக்குக் கிளோஸ்ட்ரோபோபியா என்ற பெயரை நாமாகவே சூட்டி அனுப்பிவிட்டால், கேட்கப்பட வேண்டிய கதை கேட்கப்படாமல் போய்விடலாம். சொல்லை முன்னே வைக்காமல், நடந்ததை முன்னே வையுங்கள்.

வைத்தியரிடம் சொல்வது

அம்பாறைப் பொது வைத்தியசாலை போன்ற இடங்களில் வைத்தியர் சிங்களம் பேசுபவராகவும், நோயாளி தமிழ் மட்டும் அறிந்தவராகவும் இருப்பது வழமை. அங்கே இந்த ஒற்றை ஆங்கிலச் சொல் இரு தரப்பாருக்கும் பாலமாக அமையும். ஆனால் சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. "எனக்கு கிளோஸ்ட்ரோபோபியா" என்பது நாமே தீர்ப்பை எழுதிக்கொண்டு போவதாகும். அறிகுறியை அறியவே வைத்தியர் விரும்புவார். அதனால் பேச்சு வழக்கிலேயே, "லிப்டுக்குள்ள ஏறிக் கதவு மூடினவுடன அந்தரமா வருது டொக்டர், மூச்சு முட்டுற மாதிரி இருக்கு, கை கால் நடுங்குது, கதவு திறந்தா கொஞ்ச நேரத்தில சரியாயிடும்" என்று சொல்லி, அதன் பின் அந்தச் சொல்லைச் சேர்ப்பதே நல்லது.

அவர் கேட்பதற்கு முன்பே சில விபரங்களை மனத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கலாம். எந்தெந்த இடங்களில் வருகிறது, எப்போது தொடங்கியது, தொடங்கிய காலத்தில் ஏதும் நடந்ததா, அதற்காக எவற்றையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள் என்பவை அவற்றுள் முக்கியமானவை. மேலே சொன்ன இரண்டு கூறுகளையும் பிரித்தறிய எளிய கேள்விகள் உதவும்: கதவு பூட்டியிருக்க, விசிறி மட்டும் போட்டால் பயம் தணியுமா? அல்லது காற்றே இல்லாவிட்டாலும் கதவு திறந்திருந்தால் போதுமா? முன்னதற்கு ஆம் என்பவருக்கு மூச்சுத் திணறல் பற்றிய அச்சமும், பின்னதற்கு ஆம் என்பவருக்கு அகப்படுதல் பற்றிய அச்சமும் மிகுதி என்று பொதுவாகக் கொள்ளலாம்.

மொழிபெயர்க்கப் போகும் மகனோ மகளோ ஒரு விடயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். "மகள், அந்தக் குழாய்க்குள்ள என்னால படுக்க ஏலாது, மூச்சடைச்சுச் செத்துப்போவன்" என்று தாய் சொல்வதை, "அம்மாவுக்குக் கொஞ்சம் பயம்" என்று வைத்தியருக்குச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். வெட்கத்தாலும், வைத்தியரின் நேரத்தை எடுக்கக் கூடாது என்ற எண்ணத்தாலும் இது நடக்கிறது. செத்துப்போவேன் என்ற அந்த எண்ணம் நோயின் மையப் பகுதி. அதை அப்படியே மொழிபெயர்க்க வேண்டும். வெருண்டுவிட்டது என்று சொல்லி நூல் கட்டுவித்திருந்தாலும் அதை மறைக்கத் தேவையில்லை. எவ்வளவு காலமாக இது இருக்கிறது என்பதை அறிய அதுவும் உதவும்.

ஸ்கேனுக்குப் போகும்போது

சீ.ரி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ஒன்றல்ல. முன்னது குறுகிய ஆழமுள்ள ஒரு பெரிய வளையம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த அச்சம் உள்ளவர்களில் பலர் அதைத் தாங்கிக்கொள்வர். பின்னது நீண்ட குழாய். அதன் உள் விட்டம் பொதுவாக 60 சென்ரிமீற்றர், அகன்ற வகையில் 70 சென்ரிமீற்றர். எந்த உறுப்பு என்பதைப் பொறுத்து 20 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். இயந்திரம் தட்டுவது போலவும் துளைப்பது போலவும் பெருஞ்சத்தம் எழுப்பும்.

இந்த அச்சம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டிய நேரம் மேசையில் படுக்கும் நேரமன்று, தவணை எடுக்கும் நேரம். அப்போதுதான் அகன்ற குழாயுள்ள இயந்திரம் உள்ள இடத்துக்கு அனுப்பலாமா, பதகளிப்பை (மனப்பதற்றத்தை) குறைக்கும் மாத்திரை தேவையா என்று வைத்தியர் முடிவெடுக்க முடியும். அந்த மாத்திரையை அயலவரிடமோ மருந்துக் கடையிலோ வாங்கிப் போடக் கூடாது. வைத்தியர் தந்து அதைப் போட்டால், திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளை நீங்கள் ஓட்டவும் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

குழாய் இரு முனையும் திறந்தது என்பதையும், உள்ளே வெளிச்சமும் காற்றோட்டமும் உண்டு என்பதையும், கையில் தரப்படும் இறப்பர்ப் பந்தை அழுத்தினால் பணியாளர் உடனே உங்களோடு பேசுவார், தேவையானால் மேசையை வெளியே எடுப்பார் என்பதையும் முன்பே அறிந்திருந்தால் அகப்படுதல் பற்றிய அச்சம் ஓரளவு தணியும். உள்ளே போவதற்கு முன்பே கண்களை மூடி, மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே போன பின் மூடுவதைவிட இது பயன் தருகிறது, ஏனெனில் முகத்துக்கு அருகில் குழாயின் கூரை நெருங்கி வருவதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். முழங்கால் போன்ற உறுப்புக்கான பரிசோதனையில் கால் முதலாக உள்ளே போவதால் தலை வெளியே இருக்கக் கூடும். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மூச்சை ஆழமாக இழுப்பதில் கவனம் வைக்காமல், மெதுவாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். வேகமாக இழுத்து இழுத்து விட்டால் தலை சுற்றலும் விரல் விறைப்பும் வந்து, பயம் இன்னும் கூடும்.

தாலிக்கொடி, காப்பு, அரைஞாணில் கோத்த அச்சரக்கூடு ஆகிய உலோகங்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. துணிவுக்காகக் கட்டிய அச்சரக்கூட்டைக் கடைசி நிமிடத்தில் கழற்றச் சொல்வதே சிலருக்குப் பயத்தைக் கூட்டிவிடுகிறது. உடலுக்குள் ஷெல் துண்டு இருப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது அச்சத்தோடு தொடர்புடையதன்று, காந்தத்தோடு தொடர்புடையது, அச்சத்தைவிடப் பாரதூரமானது.

நாளாந்த வாழ்வில்

இந்த அச்சத்துக்கு நன்கு பலன் தரும் சிகிச்சை, அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழகுவதாகும். தென்னாபிரிக்க மனநல வைத்தியர் ஜோசப் வோல்ப் 1958இல் இதனைப் படிமுறையாக விளக்கினார். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட், தகுந்த வழிகாட்டலோடு இதை ஒரே அமர்வில், அதிகபட்சம் 3 மணித்தியாலங்களில், செய்ய முடியும் என்று காட்டினார். மின்தூக்கிக்கு அஞ்சுபவர் முதலில் அதன் அருகில் நின்று பார்க்கலாம். பின்னர் கதவு திறந்திருக்க உள்ளே நின்று வெளியே வரலாம். அதன் பின் நம்பிக்கையான ஒருவரோடு ஒரு மாடி, பிறகு தனியே ஒரு மாடி. ஒவ்வொரு படியிலும் பயம் உச்சத்துக்கு ஏறியவுடன் ஓடிவிடாமல், அது தானாக இறங்கும் வரை நிற்பதுதான் இதன் சூட்சுமம். உச்சத்தில் ஓடினால், ஓடியதால்தான் தப்பினேன் என்று மனம் கற்றுக்கொள்ளும். மின்தூக்கி காற்றுப் புகாத பெட்டியன்று என்பதையும் அறிந்திருப்பது நல்லது. அது இடையில் நின்றுபோனாலும் உள்ளே இருப்பவருக்கு மூச்சுக்குக் காற்று இருக்கும்.

பயம் தெளிய வேண்டும் என்று பிள்ளையை அறைக்குள் விட்டுப் பூட்டுவதற்கும் இந்தச் சிகிச்சைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே ஒவ்வொரு அடியையும் அஞ்சுபவரே சம்மதித்து எடுத்து வைக்கிறார்; அங்கே அவருடைய அச்சம் உண்மையாக்கப்படுகிறது.

அச்சம் அன்றாட வேலைகளைப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். கல்முனை, அம்பாறைப் பக்கத்தவர் தமது அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கேட்டு அங்கிருந்து வழிகாட்டல் பெறலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

பாடசாலைக்கோ வேலைத்தலத்துக்கோ கடிதம் எழுதும்போது, நோயின் பெயரைவிட உங்களுக்கு வேண்டியதையே தெளிவாக எழுத வேண்டும். "எனது மகனுக்கு மூடிய இடங்களில் கடும் பதகளிப்பு ஏற்படுகிறது. வைத்தியர் இதனைக் கிளோஸ்ட்ரோபோபியா எனக் குறிப்பிட்டுள்ளார். பரீட்சை மண்டபத்தில் வாசலுக்கு அண்மையில் அவருக்கு ஆசனம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று மூன்று வாக்கியங்களில் முடித்து, கிளினிக் கொப்பியின் உரிய பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்தால் அதிபர் முடிவெடுப்பதற்குத் தேவையான அனைத்தும் அதில் அடங்கிவிடும். அரச பரீட்சையாக இருந்தால், பரீட்சை நாளன்று மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு நிற்காமல், விண்ணப்பிக்கும் காலத்திலேயே அதிபர் ஊடாக இதனைக் கேட்க வேண்டும்.